பூட்டு யார் கையில்?

வீடியோ கசெட்டின் முதுகுப்புற ஓரத்தில் நகக்கண் அளவுக்கு ஒரு பிளாஸ்டிக் தகடு இருக்கும். ஸ்குரூடிரைவர் நுனியால் அதை நெம்பி உடைத்துவிட்டால் அந்தக் கசெட்டில் பிறகு யாரும் எதையும் பதிய முடியாது. டெக்கில் போட்டுச் சிவப்புப் பொத்தானை அமுக்கினால் டெக் மறுக்கும். சில டெக்குகள் கசெட்டையே வெளியே தள்ளிவிடும். ஜேவிசி நிறுவனம் 1976இல் வெளியிட்ட விஎச்எஸ் கசெட்டில் மட்டுமல்ல, 1963இல் பிலிப்ஸ் கொண்டுவந்த பாட்டுக் கசெட்டிலும் இதே ஏற்பாடுதான். மனம் மாறினால் உடைந்த பள்ளத்தின் மேல் ஒரு துண்டு செலோடேப் ஒட்டினால் போதும், பதிவு மறுபடியும் ஓடும்.

தென் இலண்டனின் டூட்டிங்கில் ஒரு காலத்தில் இந்தத் தகட்டுக்கு நிறைய வேலை இருந்தது. 1983 யூலை வன்செயலுக்குப் பிறகு இலங்கைத் தமிழர் பெருந்தொகையாக இலண்டனுக்கு வந்தபோது குடியேறிய இடங்களில் டூட்டிங் முக்கியமானது. கருவாடும் முருங்கைக்காயும் விற்கும் கடையின் ஒரு மூலையில் தமிழ்ப் படக் கசெட்டுகளை வாடகைக்கு அடுக்கி வைப்பது அக்கால இலண்டன் தமிழ்க் கடைகளின் வழக்கம். வீட்டில் இருந்தது வேறு வகைக் கசெட்: கலியாண வீடு, சாமத்திய வீடு, அந்தியேட்டி. ஒரு கொப்பி ரொறன்ரோவில் இருக்கும் பெரியம்மாவுக்கு, இன்னொன்று பாரிசில் இருக்கும் தம்பிக்கு. கனடாவின் ஒளிபரப்பு முறை வேறு என்பதால் அங்கே போகும் கசெட்டை அதற்கென்று மாற்றிப் பதிய வேண்டும். இல்லாவிட்டால் பெரியம்மா பார்ப்பது வெறும் கோடுகளைத்தான்.

கொப்பி எடுப்பது இரண்டு டெக்குகளைக் கம்பியால் இணைத்துச் செய்யும் வேலை. ஒன்றில் மூலம், மற்றதில் வெற்றுக் கசெட். ஒன்று ஓட வேண்டும், மற்றது பதிய வேண்டும். கசெட்டுகளை மாற்றிப் போட்டுவிட்டால் தாலி கட்டும் காட்சியின் மேல் வெறும் இருட்டு ஏறிவிடும். தகட்டை உடைத்து வைத்த குடும்பம் தப்பியது. உடைக்காத குடும்பத்தில், பிள்ளைகள் கால்பந்து ஆட்டத்தைப் பதியவும் அதே கசெட்டை எடுக்கலாம்.

வீடுகள் மட்டும் இப்படிச் செய்யவில்லை. அதே இலண்டனில் பிபிசி 1960களிலும் 70களிலும் தன் நிகழ்ச்சி நாடாக்களைத் தானே அழித்து மீண்டும் பயன்படுத்தியது. நாடா விலை கூடியது. மறு ஒளிபரப்புக்கு ஒப்பந்தச் சிக்கல். ஒருநாள் இதை மக்கள் வீட்டில் வைத்துப் பார்ப்பார்கள் என்று அப்போது நினைத்தவர் குறைவு. ‘டாக்டர் ஹூ’ தொடரின் தொடக்கக் கால அத்தியாயங்கள் பல அப்படித்தான் போயின. அவற்றில் ஒன்பது 2013இல் நைஜீரியாவிலிருந்து திரும்பக் கிடைத்தன. வெளிநாட்டுத் தொலைக்காட்சிக்கு விற்ற கொப்பிகள் அங்கே கிடந்திருந்தன. பெரியம்மாவுக்கு அனுப்பிய கொப்பிதான் மிஞ்சும் என்பது பெரிய நிறுவனத்துக்கும் பொருந்தியிருக்கிறது. அமெரிக்காவின் நாசாவும் தப்பவில்லை: அப்போலோ 11 நிலவில் இறங்கியபோது பதிவான மூல நாடாக்கள் அழிக்கப்பட்டு வேறு வேலைக்குப் போய்விட்டன என்று 2009இல் அது ஒப்புக்கொண்டது.

கணினி உலகம் இந்த ஆபத்தைக் கசெட்டுக்கு முன்பே அறிந்திருந்தது. ஐபிஎம் பெருங்கணினிகளின் நாடாச் சுருளுக்குப் பின்புறம் வட்டமான ஒரு குழி உண்டு. அதில் ஒரு பிளாஸ்டிக் வளையத்தைப் பொருத்தினால்தான் எழுத முடியும். வளையம் இல்லையேல் எழுத்து இல்லை என்பது இயக்குநர்களுக்கு முதல் நாளே சொல்லித்தரப்படும் பாடம். இந்த ஏற்பாட்டில் ஒரு நுட்பம் இருக்கிறது. மறதிக்காரர் வளையத்தைப் பொருத்த மறந்தால் வேலை நிற்கும், தரவு பிழைக்கும். வீடியோ கசெட்டில் நேர்மாறு: தகட்டை உடைக்க மறந்தவர்தான் இழப்பார். மறதி எந்தப் பக்கம் சாயும் என்பதை முன்கூட்டியே யோசித்து வைத்த அந்த வளையத்துக்கு ஈடான ஏற்பாடு பிறகு வந்தவற்றில் அரிது.

1971இல் ஐபிஎம் வெளியிட்ட முதல் ஃபிளாப்பி வட்டு எட்டு அங்குல அகலம். சிஸ்டம்/370 கணினிகள் இயங்கத் தொடங்கும்போது அவற்றுக்குத் தேவையான நுண்நிரலை ஏற்றுவதற்காகவே அது உருவானது. இன்றைய மொழியில் சொன்னால் அது பூட் செய்வதற்கென்றே பிறந்த வட்டு. அதைப் போடும் கருவியால் படிக்க மட்டுமே முடியும், எழுத முடியாது. ஆக, பூட் வட்டின் கதை தவறுதலாக எதையும் அழிக்க வழியில்லாத நிலையில் தொடங்கியது என்பது வேடிக்கைதான்.

பிறகு எழுதக்கூடிய வட்டுகள் வந்தன, குழப்பமும் வந்தது. எட்டு அங்குல வட்டில் விளிம்பிலுள்ள வெட்டை மூடினால் எழுதலாம். 1976இல் ஷூகார்ட் நிறுவனம் கொண்டுவந்த ஐந்தேகால் அங்குல வட்டில் அதே போன்ற வெட்டை மூடினால் எழுத முடியாது. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறியவர்கள் பழக்க தோஷத்தில் ஸ்டிக்கரை ஒட்டி என்ன பாடுபட்டிருப்பார்கள் என்று ஊகிக்கலாம். சோனி 1981இல் கொண்டுவந்த மூன்றரை அங்குல வட்டில் ஸ்டிக்கர் தேவைப்படவில்லை. சின்னப் பிளாஸ்டிக் கதவை நகத்தால் தள்ளினால் பூட்டு. திரும்பத் தள்ளினால் திறப்பு. உலகம் முழுவதும் கோடிக்கணக்கான மேசைகளில் கிடந்த இந்த வட்டில், பூட்டு வட்டின் சொந்தக்காரர் கையில் இருந்தது. அவர் பூட்டிக் கொடுத்ததை வேறு யாரும் தெரியாமல் அழித்துவிட முடியாது.

கணினிக்குள் நிலையாக இருக்கும் ஹார்ட் டிஸ்க்குக்கு அப்படி ஒரு கதவு கிடையாது. எனவே அங்கே கேள்வி கேட்கும் பொறுப்பு மென்பொருளுக்குப் போனது. டாஸ் இயங்குதளக் காலத்தில், வட்டைத் துடைத்து ஆயத்தம் செய்யும் ஃபார்மட் கட்டளை தொடக்கத்தில் மிகவும் அப்பாவி. எந்த டிரைவ் என்று சொல்லாமல் தட்டினால், நிற்கும் டிரைவையே வெள்ளையடிக்கக் கிளம்பிவிடும். பின்வந்த பதிப்புகளில் டிரைவ் எழுத்தைச் சொல்லியே ஆக வேண்டும் என்றானது. ஹார்ட் டிஸ்க் என்றால் அதற்கு இட்டிருக்கும் பெயரையும் தட்டச்சு செய்து காட்டச் சொன்னது. வெறுமனே ‘ஆம்’ என்று தட்டும் விரல் யோசிக்காது. பெயரை எழுதும் விரல் கொஞ்சமாவது நிற்கும். 1991இல் வந்த டாஸ் 5 ஒருபடி மேலே போய், ஃபார்மட் செய்ததைத் திரும்பப் பெறும் கட்டளையையே சேர்த்துத் தந்தது.

பென் டிரைவ் 2000இல் சந்தைக்கு வந்தது. சிங்கப்பூரின் டிரெக் நிறுவனமும், இஸ்ரேலின் எம்-சிஸ்டம்ஸ் தயாரித்ததை விற்ற ஐபிஎம்மும் ஏறத்தாழ ஒரே காலத்தில் களமிறங்கின. ஐபிஎம் விற்றதன் கொள்ளளவு 8 எம்பி. தொடக்கக் காலப் பென் டிரைவ்கள் சிலவற்றில் எழுதாமல் தடுக்கும் ஒரு சுவிட்ச் இருந்தது. விலை இறங்க இறங்க, உருவம் சுருங்கச் சுருங்க, அந்தச் சுவிட்ச் காணாமல் போனது. கமெராவுக்குள் போகும் எஸ்டி அட்டையில் இன்னமும் ஒரு சறுக்குப் பூட்டு இருக்கிறது, ஆனால் அது நம்பத்தகுந்ததல்ல. அட்டை தானாக எதையும் மறுப்பதில்லை. அட்டையைப் போடும் கருவிதான் அந்தப் பூட்டைப் பார்த்து மதிக்க வேண்டும். மதிக்காத கருவி எழுதிவிட்டுப் போய்விடும்.

இருந்தும் முதல் சில ஆண்டுகள் பெரிதாக எதுவும் நடக்கவில்லை. விண்டோஸோ லினக்ஸோ நிறுவ வேண்டுமென்றால் எல்லோரும் சிடியைத்தான் எரித்தார்கள். கணினி சிடியிலிருந்து பூட் ஆவதற்கான நியமம் 1995இல் வந்தது. அதற்கு ‘எல் டொரிட்டோ’ என்று பெயர். உருவாக்கிய பொறியாளர்கள் உட்கார்ந்து பேசிய கலிஃபோர்னிய உணவகத்தின் பெயராம். சிடி எரிப்பதில் பிழை நேர்ந்தால் நஷ்டம் ஒரு வெற்றுத் தட்டு. அதில் முன்பு எதுவும் இல்லை என்பதால் இழக்கவும் எதுவும் இல்லை. பென் டிரைவ் அப்படியல்ல; பூட்டபிள் செய்ய யாரும் புதிதாக ஒன்றை வாங்குவதில்லை. மேசை இழுப்பறையில் கிடப்பதை எடுக்கிறார்கள். அதில் ஏற்கனவே ஏதோ இருக்கிறது.

2007இல் ஆசுஸ் நிறுவனத்தின் ஈ பிசி போன்ற குட்டி மடிக்கணினிகள் வந்தபோது சிடி டிரைவே இல்லாமல் வந்தன. பென் டிரைவிலிருந்து பூட் செய்வதே எளிய வழியானது. அதே ஆண்டில் வெளியான யூநெட்பூட்டின் என்ற மென்பொருள் ஓரளவு சாதுவானது. பென் டிரைவை அது ஃபார்மட் செய்வதில்லை. இருக்கும் கோப்புகளுக்குப் பக்கத்திலேயே லினக்ஸின் கோப்புகளையும் வைத்துவிட்டு, பூட் ஆவதற்கு வேண்டியதை மட்டும் சேர்க்கும். கலியாணப் படமும் உபுண்டுவும் ஒரே பென் டிரைவில் குடியிருக்கலாம்.

அந்தச் சாதுத்தனத்தை முடித்துவைத்தது ஒரு வசதி. ஒரே ஐஎஸ்ஓ கோப்பு (ஒரு சிடி முழுவதையும் அப்படியே அடக்கிய வட்டுப் பிம்பம்) சிடியாகவும் பென் டிரைவாகவும் பூட் ஆகும்படி செய்யும் ‘ஐசோஹைப்ரிட்’ முறை 2008 வாக்கில் பரவத் தொடங்கியது. இனிக் கோப்புகளைப் பிரித்து வைக்க வேண்டியதில்லை. ஐஎஸ்ஓவை அப்படியே முதல் பைட்டிலிருந்து பென் டிரைவின் மேல் ஊற்றினால் போதும். ஊற்றுவதற்கு யூனிக்ஸில் 1970களிலிருந்தே ஒரு கட்டளை இருந்தது. பெயர் டிடி. எதிலிருந்து, எதற்கு என்று இரண்டு பெயர்களைக் கொடுத்தால் வேலையைத் தொடங்கிவிடும். நிச்சயமா என்று கேட்காது. ‘டிஸ்க் டெஸ்ட்ராயர்’, அதாவது வட்டை நாசமாக்கி, என்று அதற்குப் பட்டப்பெயர் வைத்து அதே இரண்டெழுத்துக்கு விரிவும் சொல்லிக்கொண்டார்கள் கணினிக்காரர்கள்.

இரண்டு டெக் வைத்துக் கொப்பி எடுத்தவர்களுக்கு இந்த ஆபத்து அறிமுகமானதுதான். மூலத்தையும் இலக்கையும் மாற்றிக் கொடுத்தால் தொலைந்தது. இலக்கையே தப்பாகச் சொன்னாலும் தொலைந்தது. லினக்ஸில் வட்டுகளின் பெயர் எஸ்டிஏ, எஸ்டிபி என்று ஓரெழுத்து வித்தியாசத்தில் போகும். நேற்று எஸ்டிபியாக இருந்த பென் டிரைவ், இன்று வேறொன்றும் செருகியிருந்தால் எஸ்டிசி ஆகிவிடலாம். விண்டோஸின் டிஸ்க்பார்ட் கருவியும் இந்த ரகம்தான்: வட்டு 0, வட்டு 1 என்று எண்களைக் காட்டும், தேர்ந்தெடுத்ததைச் ‘சுத்தம் செய்’ என்றால் மறுபேச்சின்றிச் செய்துவிடும். ஆனால் கசெட்டைப் போல உடைத்து வைக்க இங்கே தகடு இல்லை.

ஆகவே 2010களில் இந்தக் கருவிகளை எழுதியவர்கள் செய்ததெல்லாம் தொலைந்துபோன தகட்டைத் திரையில் மறுபடி செய்யும் முயற்சி என்று சொல்லலாம். 2011 டிசம்பரில் பீட் படார் வெளியிட்ட ரூஃபஸ், எந்தச் சாதனத்தில் உள்ள எல்லாத் தரவும் அழியப்போகிறது என்று பெயர் சொல்லி எச்சரித்தது. அதைவிட முக்கியமான வேலையை அது சத்தமில்லாமல் செய்தது: யூஎஸ்பி வழியே இணைத்த வெளி ஹார்ட் டிஸ்க்குகளைப் பட்டியலில் காட்டாமல் மறைத்தது. குடும்பப் படங்கள் பெரும்பாலும் அவற்றில்தான் இருக்கும். தேவைப்படுகிறவர் தனியாக ஒரு பெட்டியில் குறியிட்டு வரவழைக்க வேண்டும். நாடாச் சுருளின் வளையத்துக்குப் பின்னால் இருந்த யோசனைதான் இது.

2016இல் வந்த எட்சர் என்ற கருவி இந்த மறைக்கும் வித்தையை மையமாக்கியது. கணினியின் சொந்த வட்டைப் பட்டியலில் சேர்க்காது. வழக்கத்துக்கு மீறிப் பெரிய வட்டைத் தேர்ந்தெடுத்தால் உண்மையாகவே இதுதானா என்று கேட்கும். அதற்குப் பின்னணியில் பிரித்தானியாவின் பங்கும் உண்டு. 2012இல் கேம்பிரிட்ஜிலிருந்து ராஸ்பெரி பை என்ற மலிவுக் கணினி வந்தது. அதற்கு ஹார்ட் டிஸ்க் இல்லை. எஸ்டி அட்டையில் இயங்குதளத்தை எழுதிச் செருகினால்தான் உயிர்வரும். பள்ளிப் பிள்ளைகளும் ஆசிரியர்களும் வட்டுப் பிம்பம் எழுதும் வேலையில் இறங்கியது அதனால்தான். முன்பு நிபுணர்கள் மட்டும் செய்த வேலையைப் பன்னிரண்டு வயதுப் பிள்ளை அப்பாவின் மடிக்கணினியில் செய்யும்போது, கருவிதான் கவனமாக இருக்க வேண்டும். ராஸ்பெரி பை அமைப்பே 2020இல் தன் சொந்த எழுதும் கருவியை வெளியிட்டது.

பென் டிரைவோடு ஆபத்து முடிவதில்லை. அதிலிருந்து பூட் செய்து இயங்குதளத்தை நிறுவும்போது, முழு வட்டையும் அழித்து நிறுவவா என்ற கேள்வி வரும். இரண்டு இயங்குதளங்கள் ஒரே வட்டைப் பங்கிட்டிருக்கும் கணினியில் இதற்கு ஆம் என்றால் இரண்டும் போகும். தமிழ்நாட்டில் 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் மாணவர்களுக்குக் கிடைத்தவை அப்படிப்பட்டவை: விண்டோஸும், சிடாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் ஒரே வட்டில். 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் முடித்துக்கொண்டது. விண்டோஸ் 11 ஏற்காத பழைய மடிக்கணினிக்கு உயிர் கொடுக்க லினக்ஸைப் பரிந்துரைக்கும் குரல்கள் கூடின. புதிதாகப் பூட்டபிள் பென் டிரைவ் செய்ய உட்காருகிறவர்களில் இதற்கு முன் செய்தே பழக்கமில்லாதவர்கள் அதிகம் என்பது இதன் மறுபக்கம்.

வேலை சரியாக முடிந்த பிறகும் ஒரு கண்ணி உண்டு. லினக்ஸ் எழுதிய பென் டிரைவை விண்டோஸில் செருகினால், இந்த வட்டைப் பயன்படுத்த ஃபார்மட் செய்ய வேண்டும் என்று ஒரு பெட்டி எழும்பும். மாக் கணினி, இதைப் படிக்க முடியவில்லை என்று சொல்லி, தொடக்கநிலைக்குக் கொண்டுவரவா என்று கேட்கும். இரண்டுக்கும் அந்த வட்டில் இருப்பதைப் படிக்கத் தெரியவில்லை, அவ்வளவுதான். கேள்வியைப் படித்தால் வட்டு பழுதென்றே தோன்றும். எச்சரிக்கப் பழகிய திரையே அழிக்கத் தூண்டுகிறது.

டூட்டிங் வீடுகளின் பழைய கசெட்டுகளுக்கு என்ன ஆனது? வீடியோ டெக் செய்துகொண்டிருந்த கடைசி நிறுவனமான ஜப்பானின் ஃபுனாய் 2016 யூலையில் உற்பத்தியை நிறுத்தியது. அதற்கு முன்னும் பின்னுமாகக் குடும்பங்கள் கலியாண வீடியோக்களை டிவிடிக்கும் பிறகு பென் டிரைவுக்கும் மாற்றிக்கொண்டன. டிவிடியை எரித்து முடித்தால் அது மூடிய கதவு. பென் டிரைவ் திறந்த வீடு. முப்பது வருடங்களுக்கு முன் தகடு உடைத்துக் காப்பாற்றிய தாலி கட்டு, இன்று பூட்டே இல்லாத பொருளில் இருக்கிறது. மருமகன் அவசரத்துக்கு ஒரு பென் டிரைவ் கேட்கும்போது இழுப்பறையிலிருந்து வருவதும் அதுவாக இருக்கலாம். அவருடைய மென்பொருள் எத்தனை தடவை எச்சரித்தாலும், எச்சரிக்கை அவருக்குத்தான். அந்தப் பென் டிரைவில் என்ன இருக்கிறது என்று தெரிந்த மாமியாருக்கு அல்ல.

தப்பாக எழுதிவிட்டால் எல்லாமே போய்விடும் என்றில்லை. 64 ஜிபி பென் டிரைவில் 6 ஜிபி அளவுள்ள ஐஎஸ்ஓவை ஊற்றினால் முதல் 6 ஜிபியும் அதிலிருந்த வரைபடமும் அழியும். மீதி 58 ஜிபியில் கிடப்பது எதுவும் தொடப்படாமல் இருக்கும், போகும் வழி மட்டும் தெரியாது. கிறிஸ்தோஃப் கிரெனியே எழுதிய ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருள் வரைபடத்தைப் பார்க்காமலே, படங்களும் வீடியோக்களும் தொடங்கும் தடயத்தைத் தேடி எடுக்கும். கோப்புகளின் பெயரும் கோப்புறையும் திரும்பாது. ஆயிரம் படங்களும் எஃப் என்ற எழுத்தோடும் எண்ணோடும் வரிசையில் நிற்கும். ஒரு நிபந்தனை: பிழை தெரிந்த கணத்தில் பென் டிரைவைக் கழற்றி, அதன்மேல் வேறெதையும் எழுதாமல் இருக்க வேண்டும். மடிக்கணினிக்குள் இருக்கும் எஸ்எஸ்டி விஷயத்தில் இந்த நம்பிக்கை குறைவு. அழிந்ததாகச் சொல்லப்பட்ட இடத்தை அது தானே துடைத்துச் சுத்தமாக்கிவிடும் பழக்கமுள்ளது.

முன்னெச்சரிக்கை என்று அனுபவசாலிகள் செய்வது இன்னும் எளிமை. எழுதத் தொடங்குமுன் மற்ற எல்லா யூஎஸ்பி வட்டுகளையும் கழற்றிவிடுகிறார்கள். பட்டியலில் பெயரை நம்பாமல் கொள்ளளவைப் பார்க்கிறார்கள். 32 ஜிபி என்று அச்சிட்டது 29 சொச்சம் என்று தெரியும், அது இயல்பு. பூட்டபிள் வேலைக்கென்றே ஒரு பென் டிரைவை ஒதுக்கி, கண்ணில் படும்படி சிவப்பு டேப் சுற்றி வைப்பவர்களும் உண்டு.

2020இல் வந்த வென்டாய் என்ற கருவி, யூநெட்பூட்டினின் சாதுத்தனத்தை வேறு வழியில் திரும்பக் கொண்டுவந்தது. பென் டிரைவை முதல் தடவை மட்டும் அழித்து ஆயத்தம் செய்யும். அதற்குப் பிறகு ஐஎஸ்ஓ கோப்புகளைப் பாட்டு கொப்பி செய்வதுபோலப் போட்டுக்கொள்ளலாம். பூட் செய்யும்போது எது வேண்டும் என்று பட்டியல் காட்டும். பக்கத்தில் மற்றக் கோப்புகளும் இருக்கலாம். அழிக்கும் தடவைகள் குறைந்தால் தப்பாக அழிக்கும் வாய்ப்பும் குறையும்.

கையால் தள்ளும் பூட்டும் முற்றாக மறைந்துவிடவில்லை. அமெரிக்காவின் காங்குரு நிறுவனம் எழுத்துத் தடைச் சுவிட்ச் உள்ள பென் டிரைவ்களை விற்கிறது. நீதிமன்றத்துக்குப் போகும் வட்டுகளைக் கையாளும் தடயவியலாளர்கள், வட்டுக்கும் கணினிக்கும் நடுவில் எழுத்தை மறிக்கும் தனிக் கருவி ஒன்றையே செருகுகிறார்கள். காங்குரு சுவிட்சைத் தள்ளி மூடிவிட்டால், செருகியிருக்கும் கணினியில் ரூஃபஸ் ஓடினாலும் டிடி ஓடினாலும் வைரஸ் ஓடினாலும் அந்தப் பென் டிரைவில் ஓர் எழுத்துகூட ஏறாது.